மான் வேட்டைக்காகப் பையனுக்கு இரண்டு நாள் லீவு போடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து அமெரிக்காவின் மேற்குப் பென்சில்வேனியாவில் வாழ்கிறீர்கள், கணவர் அந்த ஊர்க்காரர். மகனுக்கு 12 வயது, ஆறாம் வகுப்பு. நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்ததும் மாமனார் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வடக்கே மலைக்காட்டில் இருக்கும் கேம்ப்புக்கு, அதாவது வேட்டைக்காரர்கள் தங்கும் குடிலுக்கு, மான் வேட்டைக்குப் போவது அவர்கள் வீட்டு வழக்கம். இந்த வருடம் உங்கள் மகனின் முறை. திங்கட்கிழமை பள்ளிக்கே விடுமுறை, செவ்வாயும் புதனும் லீவு போட வேண்டியிருக்கும். ஊரிலிருந்து உங்கள் அம்மா போனில் "படிக்கிற பிள்ளைய மட்டம் போட வெச்சு வேட்டைக்கா அனுப்புவ?" என்று கேட்டிருக்கிறார். படிப்பு கெடுமா, பள்ளியில் பிரச்சினை வருமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் அந்தச் சின்னப் பதிவில் துப்பாக்கி என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு நாள் கணக்குப் பாடம் போனால் என்ன ஆகும் என்பதைவிட, பையன் கையில் ரைஃபிளைக் கொடுக்கிறார்களே என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். லீவைக் காரணம் காட்டி அதைத் தடுக்கலாமா என்ற யோசனையும் கொஞ்சம் இருக்கலாம். தப்பில்லை, எந்த அம்மாவுக்கும் வரும். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் வீட்டில் பேச்சு எங்கேயும் போய்ச் சேராது. தனித்தனியாகவே பார்ப்போம்.

நான் பென்சில்வேனியாவில் நடுநிலைப் பள்ளியில் பல வருடங்களாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன், வருகைப்பதிவைக் கவனிக்கும் குழுவிலும் இருந்திருக்கிறேன். வக்கீல் இல்லை. வேட்டைக்கும் போனதில்லை, ஆனால் வேட்டைக்குப் போகும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் உண்டு. சட்டம் பற்றி நான் சொல்வது மாநில அளவில் உள்ளது. உங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், தன் கையேட்டில் அதற்குமேல் கட்டுப்பாடு போட்டிருந்தால் அதுதான் செல்லும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், உங்கள் அம்மாவுக்கும் இது உதவும். இந்த ஊரில் இது மட்டம் போடுகிற சமாசாரம் இல்லை. 1963 முதல் 2018 வரை பென்சில்வேனியாவில் ரைஃபிள் மான் வேட்டை தொடங்கும் நாள் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு, நரி, காக்கை மாதிரி சிலவற்றைத் தவிர, தடை இருந்தது. வாரம் முழுக்க ஆலையிலோ சுரங்கத்திலோ வேலை பார்த்தவனுக்குச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது, அதனால் அந்தத் திங்கட்கிழமை ஊரே லீவு போட்டது. பள்ளியைத் திறந்து வைத்தால் வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள், வாத்தியார்களிலும் கொஞ்சம் பேர் இருக்கமாட்டார்கள், பேருந்து ஓட்டுநர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே பள்ளிகள் அன்றைக்கு விடுமுறையே விட்டுவிட்டன. 2019ல் தொடக்க நாளைத் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றினார்கள், அப்படியும் ஏகப்பட்ட டிஸ்ட்ரிக்ட்டுகளில் திங்கள் விடுமுறை இன்னும் அப்படியே இருக்கிறது. பென்சில்வேனியா மட்டும் என்றில்லை. மிச்சிகனில் மான் வேட்டை எந்தக் கிழமையாக இருந்தாலும் நவம்பர் 15ம் தேதிதான் தொடங்கும், அங்கேயும் அன்றைக்குப் பூட்டிக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. விஸ்கான்சினில் பெற்றோர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் வருடத்துக்கு 10 நாள்வரை காரணம் எதுவானாலும் பிள்ளைக்கு விடுப்பு தரலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அலாஸ்காவின் கிராமங்களில் வேட்டை பொழுதுபோக்கே இல்லை, குளிர்காலச் சாப்பாடு. அதை இதோடு சேர்த்துப் பேசுவது நியாயம் ஆகாது.

இந்தத் தேதி மாற்றத்தில் உங்கள் கணவர் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. முன்பு "லீவு போடாவிட்டால் வேட்டையே இல்லை" என்பது உண்மை. இப்போது அப்படி இல்லை. தொடக்கம் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைத் தடையை 2019ல் கொஞ்சம் தளர்த்தினார்கள், 2025ல் இன்னும் நன்றாகவே தளர்த்திவிட்டார்கள். திங்களும் உங்கள் பள்ளியில் விடுமுறை. ஒரு நாள்கூட லீவு போடாமல் தொடர்ந்து மூன்று நாள் கையில் இருக்கிறது. வேட்டைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரிய கொம்பு வைத்த மான்கள் அதிகம் விழுவது முதல் நாளில்தான் என்பார்கள். அதற்கப்புறம் மான்களும் உஷாராகிவிடும். எனவே செவ்வாய், புதன் இரண்டும் மானுக்காக இல்லை, கேம்ப்புக்காக. தாத்தாவோடும் பெரியப்பா பிள்ளைகளோடும் விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சீட்டு விளையாடுவதற்காக. அது அற்பக் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லப்போனால் மானைவிட நல்ல காரணம். ஆனால் எதற்காக லீவு போடுகிறோம் என்பதை வீட்டுக்குள்ளாவது உள்ளபடி பேசிக்கொண்டால், ஒரு நாள் போதுமா இரண்டு நாள் வேண்டுமா என்பதைச் சண்டை இல்லாமல் முடிவு செய்யலாம். செவ்வாய் ராத்திரி திரும்பிவிடுவது என்று பேசிப் பாருங்கள். பெரும்பாலும் மாமனாரே ஒத்துக்கொள்வார்.

சரி, பள்ளி என்ன சொல்லும்? பென்சில்வேனியா விதிகளில், பள்ளி ஏற்பாடு செய்யாத, குடும்பமே அழைத்துப்போகும் கல்விப் பயணம் என்று ஒரு வகை இருக்கிறது. போவதற்கு முன் பெற்றோர் எழுதிக் கேட்கவேண்டும், டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட்டோ அவர் சார்பில் இருப்பவரோ ஒப்புதல் தரவேண்டும், கூடவே பொறுப்பான பெரியவர் போகவேண்டும். எத்தனை நாள், வருடத்துக்கு எத்தனை முறை என்பதை டிஸ்ட்ரிக்ட் வரையறுக்கலாம். வேட்டை "கல்வி"யா என்று சிரிக்காதீர்கள், பல பள்ளி அலுவலகங்களில் அந்தப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் வேட்டை என்றே எழுதி வருகிறது, கையெழுத்தும் ஆகிறது. சில டிஸ்ட்ரிக்ட்டுகள் ஒத்துக்கொள்வதில்லை, சில இடங்களில் ஹெட்மாஸ்டரின் மனநிலையைப் பொறுத்தது. போய் வந்த பிறகு கேட்டால் மட்டும் எங்கேயும் வேலைக்காகாது. முன்கூட்டியே கொடுங்கள், இரண்டு வாரத்துக்கு முன்னால் கொடுத்தால் நல்லது.

ஒப்புதல் இல்லாமல் போனால் அந்த நாள்கள் அனுமதியற்ற விடுப்பாகப் பதிவாகும். 2016ல் வந்த சட்டப்படி ஒரு கல்வியாண்டில் அப்படி மூன்று நாள் சேர்ந்தால் பிள்ளை மட்டம் போடுபவன் கணக்கில் வருவான், வீட்டுக்குக் கடிதம் வரும். ஆறு நாள் சேர்ந்தால் அது வழக்கமாகவே மட்டம் போடுவது என்றாகி, விஷயம் உள்ளூர் மாஜிஸ்திரேட் நீதிபதி வரை போகலாம். முதல் முறை அபராதம் 300 டாலர் வரை. உங்கள் இரண்டு நாளுக்கு இதெல்லாம் வராது. ஆனால் ஏற்கெனவே ஒரு நாளுக்கு லீவுச் சீட்டுக் கொடுக்க மறந்து போயிருந்தால் இந்த இரண்டோடு மூன்றாகிவிடும், அதை மட்டும் பள்ளியின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். புதன்கிழமை வரை காய்ச்சலில் கிடந்த பையன் வியாழக்கிழமை காலை முதல் பீரியட் மணி அடிக்கும் முன்னாலேயே மானைப் பார்த்த கதை, சுட்ட கதை, தவறவிட்ட கதை எல்லாவற்றையும் நாலு மேசைக்குக் கேட்கிற குரலில் சொல்லிவிடுவான். போனில் போட்டோ வேறு இருக்கும். எங்களுக்கு எல்லாம் தெரியும், நாங்கள் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவோம், ஆனால் பெற்றோர் சீட்டில் காய்ச்சல் என்று இருப்பதைப் பையனும் பார்த்திருக்கிறான். அப்புறம் இன்னொரு நடைமுறைச் சிக்கல்: பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளில் பெற்றோர் சீட்டில் செல்லுபடியாவது வருடத்துக்கு 10 நாள்தான், அதற்குமேல் டாக்டர் சீட்டு வேண்டும். பிப்ரவரியில் நிஜமாகவே காய்ச்சல் வரும்போது அந்த நாள்கள் தேவைப்படும்.

இப்போது படிப்பு. இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பக்கமும் அடித்துப் பேசுகிறவர்கள் அதிகம்.

உறுதியானது: அடிக்கடி வராத பிள்ளைகள் பின்தங்குகிறார்கள், அதிலும் கணக்கில் அடி அதிகம். அமெரிக்காவில் பள்ளி நாள்களில் 10 சதவீதத்துக்கு வராமல் போனால் அதை நாள்பட்ட வராமை என்று கணக்கெடுக்கிறார்கள். 180 நாள் பள்ளி என்றால் 18 நாள். இந்தக் கணக்கில் அனுமதி பெற்ற நாளும் சேரும், காய்ச்சலும் சேரும், வேட்டையும் சேரும். பெருந்தொற்றுக்கு முன் இந்த நாட்டில் ஏழு பிள்ளைகளில் ஒருவர் இப்படி இருந்தார், 2021-22ல் நாலில் ஒருவருக்கும் மேலாகிவிட்டது. பள்ளிகள் இப்போது வருகைப்பதிவு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருப்பதற்குக் காரணம் அதுதான். 2015ல் வந்த மத்தியக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பல மாநிலங்களில் பள்ளியின் தரத்தை அளப்பதிலேயே இந்த எண்ணும் ஒன்றாகிவிட்டது. பள்ளி அலுவலகத்தில் இருக்கிற பெண்மணி உங்கள் படிவத்தைப் பார்த்து முகம் சுளித்தால் உங்கள் மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சந்தேகமானது: வருடத்தில் இரண்டே நாள், மற்றபடி ஒழுங்காக வருகிற பிள்ளைக்கு, எதையாவது கெடுக்குமா என்பது. ஆய்வுகள் இதில் அவ்வளவு நேராகப் பேசவில்லை. மைக்கேல் காட்ஃப்ரைட் 2009ல் ஃபிலடெல்ஃபியா தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், வராத நாள்களில் பெரும்பகுதி அனுமதி பெற்றவையாக இருந்த பிள்ளைகள் மோசமாகச் செய்யவில்லை, அனுமதி இல்லாமல் வராதவர்கள்தான் கணக்கில் சறுக்கினார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு "சீட்டு கொடுத்தால் பிரச்சினை இல்லை" என்று முடிவுகட்ட முடியாது. சீட்டு எழுதிக் கொடுக்கிற வீடு பொதுவாகவே பிள்ளையின் படிப்பைக் கவனிக்கிற வீடாக இருக்கும், நன்மை அந்தக் கவனத்தில் வந்ததா சீட்டில் வந்ததா என்று பிரிப்பது சுலபமில்லை.

என் அனுபவத்தோடு ஒட்டி வருவது இன்னொரு ஆய்வு. ஜோஷுவா குட்மன் என்ற பொருளாதார அறிஞர் மாசசூசெட்ஸ் பள்ளிகளின் பனிநாள் விடுமுறைகளை எடுத்துப் பார்த்து 2014ல் எழுதினார். கடும் பனியால் பள்ளியே பூட்டிக்கிடந்த நாள்களால் மதிப்பெண் குறையவில்லை. பள்ளி திறந்திருந்து சில பிள்ளைகள் மட்டும் வராமல் போன நாள்களால் குறைந்தது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் வகுப்பில் நிற்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். எல்லோருக்கும் விடுமுறை என்றால் நான் பாடத்தை ஒரு நாள் தள்ளி வைப்பேன், அவ்வளவுதான். நாலு பேர் மட்டும் இல்லையென்றால் பாடம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அந்த நாலு பேர் திரும்பி வரும்போது நான் ஒன்று பின்னால் போகவேண்டும், இல்லையென்றால் அவர்களை அப்படியே விட்டுவிட்டு முன்னால் போகவேண்டும். இரண்டிலும் யாரோ ஒருவருக்கு நஷ்டம். திங்கட்கிழமைக்கு யாரும் கவலைப்பட வேண்டாம் என்பதும், செவ்வாய் புதனுக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும் என்பதும் இதிலிருந்தே புரியும்.

அந்த மெனக்கெடல் எப்படி என்று ஒரு உதாரணம். ஆறாம் வகுப்பில் பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது வரும். முதல் நாள் காகிதப் பட்டையை மடித்து, முக்காலில் எத்தனை எட்டில்-ஒரு-பங்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஆறு வரும். வகுத்தால் எண் சின்னதாக வேண்டும் என்று நினைத்த பிள்ளைகள் அது பெரிதாகிவிட்டதைப் பார்த்துக் குழம்பி, சண்டை போட்டு, தெளிவார்கள். இரண்டாம் நாள் தலைகீழாக்கிப் பெருக்கு என்ற சூத்திரம் வரும். முதல் நாள் இல்லாத பையன் இரண்டாம் நாள் வந்தால் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிடுவான். நாள் தவறியதே தெரியாது. அடுத்த வருடம் விகிதக் கணக்கு வரும்போதுதான் எதை எதால் வகுப்பது என்று தெரியாமல் விழிப்பான். நாங்கள் கொடுத்து அனுப்பும் பயிற்சித்தாள் கட்டு இந்த ஓட்டையை அடைக்காது. அதில் இருப்பது இரண்டாம் நாளின் கணக்குகள், முதல் நாளின் சண்டை அதில் இல்லை. அதனால் அந்தக் கட்டை வாங்கி கேம்ப்பில் செய்யவைப்பதோடு நிற்காதீர்கள், அதுவும் குளிரில் நாலு மணிக்கு எழுந்த பையன் ராத்திரி எட்டு மணிக்கு என்னத்தை எழுதுவான். திரும்பி வந்ததும் வாத்தியாரிடம் பள்ளி முடிந்தபின் இருபது நிமிடம் கேளுங்கள். நாங்கள் பெரும்பாலும் கொடுப்போம். ஒரே ஒரு வேண்டுகோள், "அந்த இரண்டு நாளில் முக்கியமாக ஏதாவது நடத்துவீர்களா?" என்று மட்டும் மெயில் அனுப்பாதீர்கள். அந்த வரியைப் படித்துச் சிரிக்காத வாத்தியாரை நான் பார்த்ததில்லை. "எந்தப் பாடம் தொடங்குகிறது, தேர்வு எதுவும் இருக்கிறதா" என்று கேட்டால் ஒழுங்கான பதில் வரும்.

எப்போது வேண்டாம் என்று சொல்வேன்? செப்டம்பரிலிருந்தே ஏழெட்டு நாள் போயிருந்தால். பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி மாதிரி வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும் கிடைக்கும் உதவி பையனுக்கு இருந்து அது அந்த நாளிலேயே விழுந்தால். உயர்நிலைப் பள்ளிக்குப் போனபின் கீஸ்டோன் என்ற மாநிலத் தேர்வு குளிர்காலத்தில் இருந்தால். வசந்த காலத்து வான்கோழி வேட்டையைப் பற்றியும் சேர்த்தே பேசிவிடுங்கள், அடுத்து அந்தக் கேள்வி வரும். அது ஏப்ரல் கடைசியில், மே தொடக்கத்தில் வரும், மாநிலத் தேர்வு நடக்கும் நாள்களை ஒட்டி. முதல் இரண்டு வாரம் மதியத்தோடு வேட்டை முடிந்துவிடும் என்பதால் விடியற்காலையில் போய்விட்டுப் பள்ளிக்குத் தாமதமாக வரும் பிள்ளைகள் உண்டு. முழு நாள் லீவைவிட எனக்கு அது அதிகத் தொந்தரவு. கண் சொருகிக்கொண்டு நடுவில் வந்து உட்காருவான், எதையும் வாங்கிக்கொள்ளமாட்டான்.

இந்த இடத்தில் நம்ம ஆட்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் வேட்டைக்கு மனசு கேட்காத அதே தாத்தா பாட்டி, டிசம்பர் விடுமுறைக்கு வந்த பேரனைப் "பொங்கல் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே" என்று சொல்வார்கள், நாமும் தலையாட்டுவோம். டிக்கெட் விலை அப்படி, ஒருமுறை போனால் நாலு வாரமாவது இருக்கவேண்டும், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் பார்த்த இந்தியக் குடும்பங்களில் 18 நாள் கோட்டைத் தாண்டவைத்தது பெரும்பாலும் ஊர்ப் பயணம்தான். தொடர்ந்து 10 பள்ளி நாள் வராமல் போய், அது அனுமதி பெற்ற விடுப்புதான் என்பதற்குப் பள்ளியிடம் ஆதாரம் இல்லையென்றால் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று பென்சில்வேனியா விதி இருக்கிறது. திரும்பி வந்து மறுபடியும் சேர்க்கவேண்டும். இந்த வருடம் ஊருக்கும் போவதாக இருந்தால் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணவரிடம் வேட்டைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கு மூன்று வாரம் கேட்டால் அவர் என்ன நினைப்பார் என்பதையும்.

இனி துப்பாக்கி. உங்கள் பயத்துக்குச் சமாதானம் சொல்லி அனுப்ப எனக்கு விருப்பமில்லை, பயப்படவேண்டியது எதற்கு, எதற்கு இல்லை என்று மட்டும் சொல்கிறேன். 12 வயதில் இங்கே வேட்டைக்கான ஜூனியர் லைசென்ஸ் எடுக்கலாம், அதற்கு முன் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்துத் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். 12, 13 வயதுக்காரர்கள் தனியாகப் போக முடியாது, குடும்பத்தில் 18 வயது நிரம்பிய ஒருவரோ பெற்றோர் இடத்தில் இருக்கும் ஒருவரோ கூடவே இருக்கவேண்டும். ரைஃபிள் பருவத்தில் தலை, மார்பு, முதுகு மூன்றையும் மூடி எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு அணிவது கட்டாயம். கட்டாயப் பயிற்சியும் ஆரஞ்சும் வந்தபின் வேட்டைத் துப்பாக்கி விபத்துகள் பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன, இதில் சந்தேகம் இல்லை.

அதிகம் பேர் அடிபடுவது மரத்தில் கட்டிய பரணிலிருந்து விழுந்து. ட்ரீ ஸ்டாண்ட் என்பார்கள், பதினைந்து இருபது அடி உயரத்தில் இருக்கும், பனியில் வழுக்கும். மாமனாரிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கும் முன் பையன் பரணில் ஏறுவானா, ஏறினால் தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே விழாமல் தாங்கும் பாதுகாப்புக் கச்சை மாட்டியிருப்பானா என்று கேளுங்கள். முதல் வருடம் தரையில் கட்டிய மறைவுக் கூடாரத்தில் தாத்தா பக்கத்தில் உட்காரட்டும் என்றால் நியாயமான எந்த வேட்டைக்காரரும் மறுக்கமாட்டார். அடுத்தது ராத்திரி கேம்ப்பில் துப்பாக்கிகள் எங்கே இருக்கும் என்பது. பகலில் காட்டில் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். சாயங்காலம் களைத்து வந்து பெரியவர்கள் பீர் குடித்துக்கொண்டிருக்க, சுவரோரம் சாய்த்து வைத்த ரைஃபிள்களும் ஆறேழு பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கிற நேரம்தான் எனக்குப் பிடிக்காதது. குழந்தை மருத்துவர்களின் அமெரிக்க சங்கம் சொல்வது இதுதான்: தோட்டா எடுக்கப்பட்டு, பூட்டப்பட்டு, தோட்டாக்கள் தனியாகப் பூட்டப்பட்டு இருக்கவேண்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மருமகள் கேட்கக் கூச்சமாக இருந்தால் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

பள்ளி சம்பந்தமாக இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, புதுக் குடும்பங்கள் விழுவது இங்கேதான். வேட்டைக்குக் கொண்டுபோன ஜாக்கெட்டையும் முதுகுப்பையையும் பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாது. 1995ல் வந்த பென்சில்வேனியா சட்டப்படி பள்ளிக்குள் ஆயுதம் கொண்டுவந்தால் குறைந்தது ஒரு வருடம் நீக்கம், அந்த ஆயுதப் பட்டியலில் கத்தியும் இருக்கிறது. சூப்பரின்டென்டென்ட் நிலைமையைப் பார்த்துக் குறைக்கலாம்தான், ஆனால் அதுவரை பையன் வீட்டில் உட்காரவேண்டும், விசாரணை, கூட்டம், கண்ணீர். மான் தோலுரிக்க வைத்திருந்த மடக்குக் கத்தி பையின் பக்கப் பையில் மறந்து கிடந்தது என்பது அலுவலகங்களில் பழகிப்போன கதை. ஒரு தோட்டா ஜாக்கெட் பையிலிருந்து உருண்டு விழுந்தாலே அன்றைய நாள் போய்விடும். வேட்டைக்குத் தனி ஜாக்கெட், தனிப் பை. திரும்பி வந்த ராத்திரியே நீங்கள் எல்லாப் பைகளிலும் கைவிட்டுப் பாருங்கள், பையனை நம்பி விடாதீர்கள்.

கடைசியாக, இவ்வளவு பேசியும் உங்கள் பதிவில் இல்லாத ஒன்று: பையனுக்குப் போக விருப்பமா? சில பிள்ளைகள் கோடையிலிருந்தே நாள் எண்ணுவார்கள். சிலர் அண்ணன்கள் கேலி செய்வார்கள் என்று பயந்து சரி என்பார்கள், முதல் மான் விழுந்து கால் உதைப்பதைப் பார்த்ததும் அழுதுவிட்டு அதை யாரிடமும் சொல்லாமல் வருவார்கள். வகுப்பில் அப்படிப்பட்டவனையும் பார்த்திருக்கிறேன், மற்றவர்கள் கதை சொல்லும்போது பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பான். இந்த வருடம் கேம்ப்புக்கு மட்டும் போ, சுடவேண்டாம், பிடித்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒரு வழி இருப்பதை அவனிடம் முன்கூட்டியே, அப்பாவும் தாத்தாவும் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒன்பது வயது மகளும் இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அவள் உங்களோடு வீட்டில் இருப்பாள் என்றும். அவளிடமும் கேட்டீர்களா? பென்சில்வேனியாவில் 12 வயதுக்குக் கீழே இருப்பவர்களும் அனுபவமுள்ள பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து வேட்டையாட மென்டர்டு அனுமதி என்று ஒன்று இருக்கிறது. அண்ணனுக்கு மட்டும் லீவு, தங்கைக்கு ஸ்கூல் என்றால் வீட்டில் வரப்போகும் சண்டை வேட்டையைப் பற்றியதாக இருக்காது.

என்னைக் கேட்டால், உங்கள் மகன் இதுவரை ஒழுங்காக வருகிறவன் என்றால் நான் அனுப்புவேன். ஒரு நாளில் முடிந்தால் ஒரு நாள், இல்லையென்றால் இரண்டு. படிவத்தை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு வாத்தியாருக்கு மட்டும் தனியாக ஒரு மெயில். புதன் இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்கள் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். மூன்று மணிநேர மலைப்பாதை, பனி வேறு, பத்து மணிக்கு வந்து இறங்கினால் வியாழனும் போன மாதிரிதான். மதியச் சாப்பாட்டோடு கிளம்பச் சொல்லுங்கள்.